வாங்குமுன் ஒரு வினா

சேந்தமங்கலத்தில் ஓய்வாக வாழும் நான், அண்மையில் அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினேன். நாளொன்றுக்கு 10,000 அடி என்பது அதன் கட்டளை. ஒருநாள் காலை, கொல்லிமலைச் சாலையில் என் பழைய மாணவர் ஒருவர் 'ஐயா' என்றழைத்தார். கணக்குத் தடைப்படுமே என்று நில்லாமல் கையசைத்து நடந்தேன். தம் தந்தை மறைந்த செய்தியைச் சொல்லவே அவர் அழைத்தார் என்று பின்னர் அறிந்து நாணினேன். மாலையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவர் இல்லம் சென்றேன்.

10,000 என்னும் அவ்வெண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. விற்பவர் இட்ட பெயரை விதியென மயங்கினேன். ஒன்றை வாங்குமுன், 'இஃது இல்லாமையால் என் எப்பணி நின்றது?' என வினவுங்கள்.