தொல்லை தருவது மனிதர்களே!

(பட்டிமன்றத் தலைப்பு: வெளிநாட்டிலிருந்து வந்து திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்கு அன்றாடம் பெரிதும் தொல்லை தருவது பொருள்களா? மனிதர்களா? ‘மனிதர்களே’ அணியின் இரண்டாம் பேச்சு.)

     

ஐயா, இந்த ஊருக்கு வெளிநாட்டுக்காரர் வருவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1911-லேயே ஹம்ப்ரீஸ் என்ற வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி மலையேறிப் போய் ரமணரைப் பார்த்தார். 1934-லே பால் பிரண்டன் எழுதின புத்தகம் வந்ததும், எங்கெங்கேயோ இருந்தவங்க மேப்பை விரிச்சு வச்சுத் திருவண்ணாமலையைத் தேடினாங்க. 1935-லே வந்த மேஜர் சாட்விக், ஆசிரமத்துக்குள்ளேயே குடில் கட்டிக்கிட்டு, 1962-லே கண்ணை மூடுகிற வரைக்கும் இதையே தம் ஊராக்கிக்கிட்டார்.

இன்றைக்கும் ரமண நகரிலேயும் கிரிவலப் பாதையிலேயும் வீடு எடுத்துத் தங்கியிருக்காங்க. எதுக்கு வந்தாங்க? மனசை அடக்க வந்தாங்க. ஆனா வீடுன்னு ஒண்ணு எடுத்துட்டா, புத்தகம் வைக்க ஒரு பலகை அடிக்கணுமே! பலகை அடிக்கச் சுவரிலே ஓட்டை போடணும். ஓட்டை போட டிரில்லிங் மெஷின் வேணும். அங்கேதானய்யா ஆரம்பிக்குது சோதனை! (சிரிப்பு)

ஒரு கணக்குச் சொல்றேன், கேளுங்க. ரமணர் இந்த ஊருக்கு வந்தது 1896. கையிலே பிடிச்சு ஓட்டை போடுகிற மின்சார மெஷினை ஜெர்மனியிலே ஃபைன் என்ற கம்பெனி செய்தது 1895. மெஷின் ஒரு வருஷம் முன்னாடியே பிறந்துட்டுது. ஆனா இந்த ஊரிலே ஞானத்துக்கு வழி கேட்டா ஆட்டோக்காரர்கூடச் சொல்லிடறார். ஒரிஜினல் டிரில் எங்கே கிடைக்கும்னு கேட்டா, ஒருத்தரும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கிறாங்க! (பலத்த சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “மனுஷன் என்னய்யா பண்ணுவான்? கரண்டுதான் தொல்லை, பிளக்குதான் தொல்லை” என்றார். வரிசையா வர்றேன்.

அமெரிக்காவிலே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்ம நாட்டிலே 230. அங்கேயிருந்து பெட்டியிலே வச்சுக் கொண்டுவந்த மெஷினை இங்கே சொருகினா என்ன ஆகும்? முதல்லே பேய் பிடிச்ச மாதிரி சுத்தும். அப்புறம் புகை வரும். அதுக்கப்புறம் அது மெஷின் இல்லை, காயலான் கடை இரும்பு! இதிலே மெஷின் மேலே என்னய்யா குத்தம்? எத்தனை வோல்ட்டுன்னு அது தன் வயித்திலேயே எழுதி ஒட்டிக்கிட்டிருக்கு. படிக்காமச் சொருகினது யாரு? மனுஷன்! (கைதட்டல்)

ஐரோப்பாக்காரருக்கு வோல்ட் பொருந்தும், பிளக் பொருந்தாது. நம்ம சாக்கெட்டிலே மூணு ஓட்டை. மேலே இருக்கிற பெரிய ஓட்டை எர்த். அந்த எர்த் முள்ளை ஏன் நீளமா வச்சாங்க தெரியுமா? மத்த ரெண்டு முள்ளும் தொடுறதுக்கு முன்னாடி அது போய்த் தொடணும். கரண்டு வர்றதுக்கு முன்னாடியே காவல் வந்து நிக்கணும். எவ்வளவு அருமையான யோசனை! ஆனா எத்தனை வீட்டிலே அந்த ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்லை! ஓட்டை இருக்கு, எர்த் இல்லை. வாசல்லே கூர்க்கா சட்டையை மட்டும் மாட்டி வச்ச கதை! (சிரிப்பு) வெந்நீர் போடுகிற ஹீட்டரைத் தொட்டா விர்ருனு இழுக்குது. அந்த அம்மா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டா, “லேசாத்தான் மேடம் அடிக்கும். செருப்புப் போட்டுக்கிட்டுக் குளிங்க” என்று பதில். இது பொருளோட தொல்லையா? பதில் சொன்ன மனுஷனோட தொல்லையா? நீங்களே சொல்லுங்க நடுவர் அவர்களே!

சரி, கடைக்கு வருவோம். ஒரு வெளிநாட்டுக்காரர் தேரடி வீதிப் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போறார்னு வச்சுக்குவோம். நம்ம ஊர் வந்து ஆறு மாசமாச்சு, கொஞ்சம் தமிழ் தெரியும்.

“அண்ணா, இது ஒரிஜினலா?”

“ஒரிஜினல் மாதிரியே இருக்கும் சார்!” (சிரிப்பு)

பெட்டியிலே பேரைப் பார்க்கிறார். உலகம் பூரா தெரிஞ்ச கம்பெனிப் பேர். நிறமும் அதே நிறம். ஆனா எழுத்திலே ஒண்ணு மட்டும் இடம் மாறியிருக்கு. “கேரண்டி உண்டா?” “நான் இருக்கேன்ல சார், நான்தான் கேரண்டி!” “பில்?” “பில் போட்டா ஜி.எஸ்.டி. சேர்ந்துடும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” பாருங்க, எவ்வளவு அக்கறை! (சிரிப்பு)

நாலாம் நாள் மெஷின் நின்னுபோச்சு. கடைக்காரர் சொல்றார், “கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க சார்.” வெளியூர் போய், ரெண்டு பஸ் மாறி, அங்கே போனா, “பில் எங்கே? சீல் போட்ட கார்டு எங்கே? இது எங்க கம்பெனி மெஷினே இல்லையே!” ரமணர் ‘நான் யார்?’ என்று விசாரிக்கச் சொன்னார். சர்வீஸ் சென்டர்லே ‘நீ யார்?’ என்று விசாரிக்கிறாங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு வேடிக்கை. மெஷின் நல்ல மெஷினாகவே இருக்கட்டும். செங்கல் சுவருக்கு வேற மெஷின், கருங்கல்லுக்கு வேற மெஷின். இந்த ஊர் மலை ஊராச்சே, பழைய வீட்டிலே அஸ்திவாரமும் படியும் கருங்கல். சாதாரண டிரில்லாலே அதைக் குடைஞ்சா, கல்லு அப்படியே இருக்கும், பிட்டுதான் தேயும். கருங்கல்லுக்கு உள்ளுக்குள்ளே சுத்தியல் அடிக்கிற ரோட்டரி ஹாம்மர் வேணும். “எதிலே ஓட்டை போடப் போறீங்க?” அப்படின்னு கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை. கேட்கலையே!

வள்ளுவர் வணிகருக்குச் சொல்ல வேண்டியதை எந்த அதிகாரத்திலே கொண்டுபோய் வச்சார் தெரியுமா? நடுவு நிலைமையிலே! அடுத்தவன் பொருளையும் உன் பொருள் மாதிரி நினைச்சு வியாபாரம் பண்ணு என்கிறார். நடுவர் இருக்கிற இடத்திலே வணிகரை உட்கார வச்சிருக்கார் ஐயா, அவ்வளவு பெரிய பொறுப்பு அது!

நியாயமாப் பேசணும்னா, வந்தவங்களும் மனிதர்கள்தானே! மூவாயிரம் ரூபாய் மெஷினைப் பார்த்துட்டு, “அதைவிட மலிவா இல்லையா?” என்று கேட்கிறவரும் உண்டு. மலிவாக் கேட்டா மலிவுதான் கிடைக்கும். அதனாலே தொல்லை வாங்குகிற மனிதராலேயும் வருது, விற்கிற மனிதராலேயும் வருது. ரெண்டுமே என் அணிக்குத்தான் பலம்! (கைதட்டல்)

ஐயா, இதுவரைக்கும் சிரிச்சோம். இப்போ சிரிக்க முடியாத ஒண்ணு சொல்லணும்.

வெளிநாட்டுக்காரருக்கு மெஷின் கெட்டா, பலகை கோணலாகும், பணம் போகும், அவ்வளவுதான். ஆனா அதே கடையிலே, அதே மட்டமான மெஷினைத்தான் நம்ம வீட்டுப் பிள்ளையும் வாங்கறான். கிரில் பட்டறையிலே, டைல்ஸ் வேலையிலே, தச்சு வேலையிலே இருக்கிற பிள்ளை. அவன் அதைக் காலையிலேயிருந்து சாயங்காலம் வரைக்கும் கையிலே பிடிக்கிறான். கட்டிங் மெஷின் சக்கரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை சுத்துது. அது உடைஞ்சா சில்லு முகத்துக்கு வரக்கூடாதுன்னு இரும்பு மூடி ஒண்ணு வச்சிருக்கான். நம்ம ஆளு வாங்கின அன்னிக்கே முதல் வேலையா அதைக் கழட்டி வீசறான். ஏன்? பெரிய பிளேடு மாட்டணுமாம்! நல்ல டிஸ்க்கோட நடு வளையத்திலே காலாவதி தேதி அடிச்சிருக்கும். பால் பாக்கெட்டிலே தேதி பார்க்கிற நாம, உயிர் போகிற சாமானிலே பார்க்கிறோமா?

அந்த வெளிநாட்டு அம்மா, “அந்தப் பையன் கண்ணுக்குக் கண்ணாடி போடலையே, காலிலே செருப்புத்தானே இருக்கு” என்று பதறினா, நாம என்ன சொல்றோம்? “அவனுக்குப் பழகிடுச்சும்மா!” ஐயா, பழகிடுச்சு என்கிற இந்த ஒரு வார்த்தைதான் நம்ம ஊரோட பெரிய தொல்லை. ஷாக் அடிக்கிறது பழகிடுச்சு. பில் இல்லாதது பழகிடுச்சு. ‘நாளைக்கு வர்றேன்’னு சொல்லிட்டு வராதது பழகிடுச்சு. வெளியிலேயிருந்து வந்தவங்களுக்கு இன்னும் பழகலை. அதனாலேதான் அவங்க கேட்கிறாங்க. அவங்க குறை சொல்றாங்கன்னு கோபப்படாதீங்க. நாம கேட்க மறந்துபோன கேள்வியை நமக்காகக் கேட்கிறாங்க! (நீண்ட கைதட்டல்)

கேட்கிறதுக்கு வழி இல்லையா? இருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லேயே வந்துட்டுது. அதுக்குப் பதிலா வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம், 2020 ஜூலையிலேயிருந்து நடைமுறையிலே இருக்கு. விற்ற பொருளுக்குப் பில் தர மறுக்கிறதையே நேர்மையற்ற வணிகம் என்று அது சொல்லுது. தன் பிழைப்புக்காக, தானே வேலை செய்யக் கருவி வாங்குகிற தொழிலாளியும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலே கட்டணமே இல்லாம வழக்குப் போடலாம். 1915-க்குப் போன் பண்ணினா யோசனை சொல்றாங்க. ஆனா எல்லாத்துக்கும் முதல்லே கையிலே ஒரு துண்டுப் பில் இருக்கணும். தாய்மார்களே, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணிக்குங்க. சின்ன அயர்ன் பாக்ஸ் வாங்கினாலும் பில் இல்லாம வீட்டுக்கு வராதீங்க. பொருளிலே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு திருப்பிப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. எல்லா மனுஷனும் தொல்லைன்னு நான் சொல்ல வரலை. பஜார்லே சந்துக்குள்ளே ஆறடி அகலக் கடையிலே உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் இருக்காரே, அவர்கிட்டே போங்க. மெஷினைக் காதுக்குப் பக்கத்திலே வச்சுச் சுத்திப் பார்ப்பார். “மோட்டார் நல்லா இருக்கு சார். கார்பன்தான் தேஞ்சுபோச்சு” என்பார். சரியான அளவு கார்பன் கிடைக்கலைன்னா, பெரிய கார்பனை உப்புத்தாளிலே தேய்ச்சு அளவாக்கி மாட்டித் தருவார். காசு கொஞ்சம்தான் கேட்பார். எதிரணியினரே, அதே கரண்டு, அதே பிளக்கு, அதே பழைய மெஷின்! மனுஷன் மாறினதும் மெஷின் ஓடுதே! அப்போ தொல்லை பொருளிலே இருந்ததா, மனுஷன்கிட்டே இருந்ததா? (கைதட்டல்)

பொருளுக்கு மனசாட்சி கிடையாது ஐயா. அதைச் செய்கிறவனுக்கும், விற்கிறவனுக்கும், மாட்டுகிறவனுக்கும்தான் இருக்கணும். மனுஷன்தான் தொல்லைன்னு நான் சொல்றது அவனைத் திட்டுறதுக்கு இல்லை. தொல்லை மனுஷனாலே வந்ததுன்னா, அதைத் தீர்க்கவும் மனுஷனாலே முடியும். அந்த நம்பிக்கையோடு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்க்கு அன்றாடம் பெரிதும் தொல்லை தருவது மனிதர்களே, மனிதர்களே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன்.

(பலத்த கைதட்டல்)