முனைகளின் இலக்கணம்

மின்னணுப் பலகையில் கறுப்புச் சில்லு ஒன்று அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் ஓரத்திலோ அடிப்புறத்திலோ நூற்றுக்கணக்கான உலோக முனைகள் இருக்கும். ஒரு முனைக்கு ஒரே தொழில் என விதித்தால் சில்லு பெருத்துவிடும். ஆதலின் ஒரே முனை ஒரு பலகையில் விளக்கை ஏற்றும். மற்றொன்றில் செய்தி கடத்தும். எம்முனைக்கு எத்தொழில், எவ்வளவு மின்னோட்டம், ஓய்விலிருக்கையில் அதன் மின்னழுத்தத்தை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்பனவற்றைப் பொறி விழித்தெழும்போதே இயக்க அமைப்பின் கருவாகிய கெர்னல் அமைத்துவிடுகிறது. லினக்ஸ் கெர்னலில் இதற்கெனத் தனிப்பகுதி, 2012-ல் வெளிவந்த 3.2 பதிப்பில் சேர்ந்தது.

பலகையின் அமைப்பைக் கெர்னலுக்கு உரைப்பது டிவைஸ் ட்ரீ என்னும் விவர ஏடு. அவ்வேட்டில் எச்சொற்கள் வரலாம், எண்கள் எந்த அலகில் இருத்தல் வேண்டும் என விதிக்கும் இலக்கணமே ஸ்கீமா. முன்னர் இது வெறும் உரைநடையாக இருந்தது, படித்தவர் படித்தனர். 2019-ஆம் ஆண்டளவில் தொடங்கி, பொறியே சரிபார்க்கத்தக்க யாமல் வடிவுக்குப் படிப்படியாக மாற்றப்பட்டு வருகிறது.

அதனால் என்ன பயன் என்பீர்கள். மேலே இழுக்கச் சொல்லும் சொல் 'பயாஸ்-புல்-அப்'. இடையிலுள்ள கோடு ஒன்று விடுபட்டால் அது வேறு சொல்லாகிவிடும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, பெயரில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் விளையும் தொல்லை நன்கு தெரியும். அங்கே எழுத்தரேனும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார். கெர்னலோ, தான் அறியாத சொல்லைப் பேசாமல் தாண்டிப் போய்விடும். முனை எப்பக்கமும் சாராது அந்தரத்தில் நிற்கும். எவரும் தொடாத பொத்தானைத் தொட்டதாகப் பொறி கருதவும் கூடும். 'இங்குக் கூறாத சொல் ஆகாது' என்னும் ஒற்றை வரி ஸ்கீமாவில் இருந்தால் இப்பிழை அப்போதே பிடிபடும். அவ்வரி இருக்கிறதா என்று தேடுவது ஆய்வாளரின் முதல் வேலைகளுள் ஒன்று.

சொல் சரியாக இருந்தும் பொருள் இருண்டிருக்குமாயின், அதனைப் பொறி காணாது. மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி8183 சில்லில், சில முனைகள் 0.125 மில்லி ஆம்பியர் போன்ற மிகச் சிறு மின்னோட்ட வலுவையும் ஏற்கும். முழு மில்லி ஆம்பியரில் எண்ணும் பொதுச் சொல்லால் இதைக் கூற இயலாது. எனவே நிறுவனத்துக்கே உரிய சொல் ஒன்று ஸ்கீமாவில் இடம்பெற்றது. அதன் மதிப்போ மின்னோட்ட அளவன்று. சில்லின் உட்பதிவேட்டு நிலைகளை மடித்து வைத்த வெறும் எண். 3 என்று கண்டால், சில்லின் கையேட்டைப் புரட்டாதவர்க்கு அது எத்தனை ஆம்பியர் என விளங்காது. பின்னர், மைக்ரோ ஆம்பியரில் அளவு கூறும் பொதுச் சொல்லையே கையாளுமாறு திருத்தினர். ஆயினும் பழைய சொல்லை நம்பி எழுதிய ஏடுகள் அதற்குள் பலகைகளில் ஏறிவிட்டிருந்தன. அவை புதிய கெர்னலிலும் இயங்கியாக வேண்டும் என்பது இத்துறையின் நெறி. ஆகவே அச்சொல்லை அடியோடு நீக்காமல், 'வழக்கொழிந்தது. இனி ஆளற்க' என்ற குறிப்போடு விட்டு வைத்தனர்.

இதனால்தான், புதிய சில்லுக்கான ஸ்கீமா வந்து சேர்ந்ததும் ஆய்வாளர், "இவ்வெண் எந்த அலகில்? பொதுச் சொல் ஏன் போதாது?" என்று வினவுகிறார். தக்க விடை வரும்வரை அந்த ஏடு கெர்னலுள் நுழைவதில்லை.