‘வந்துட்டே இருக்கேன் சார்’

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். இன்றைய தலைப்பே நேரம் தவறாமை என்பதால் அதற்குள் முடித்துவிடுகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணிக்கு மேல் தாமதமாக வரும் பிளம்பர், எலக்ட்ரீசியன், கார்பென்டர் யாராக இருந்தாலும் கூலியில் 200 ரூபாய் பிடித்தம். மூன்று முறை தாமதித்தால் நுழைவு அட்டை ரத்து. இதற்கு நீங்கள் கை தூக்குவதற்கு முன் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தத் தீர்மானம் எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்பில் இப்போது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஜப்பானிய, கொரியக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. அமெரிக்கா, சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த நம்மவர்களும் இருக்கிறார்கள். புகார்ப் புத்தகத்தைப் புரட்டினால் இவர்கள் எழுதியது பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘வருகிறேன் என்றவர் வரவில்லை.’

போன மாதம் ஒரு ஜப்பானியர் வீட்டில் வாஷ்பேசின் குழாய் ஒழுகியது. பிளம்பர் ‘நாளைக்கு வரேன் சார்’ என்றார். வரவில்லை. மூன்றாம் நாள் அந்த மனிதர் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் போனில் பெரிய சத்தம். அன்றிலிருந்து பிளம்பர் நம் வளாகத்துக்கே வருவதில்லை. ஒழுகல் நிற்கவில்லை. கீழ் வீட்டில் இருக்கும் வயதான தம்பதியின் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்து, கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுக்கிறார்கள். கோபம் மூன்றாம் மாடியில் இருந்தது, நஷ்டம் இரண்டாம் மாடிக்கு வந்தது.

இப்படி நடந்தால் உடனே ஒரு பேச்சு கிளம்பும். ‘ஜப்பான்காரனுக்கு நேரம் ரத்தத்திலேயே ஊறியது, நம்ம ஊர்க்காரனுக்கு அது வரவே வராது.’ இது சரியல்ல. ஜப்பானின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1857-இல் கட்டென்டைக் என்ற டச்சுக் கடற்படை அதிகாரி, ஜப்பானியர்களுக்குப் பயிற்சி கொடுக்க நாகசாகி வந்தார். அவர் எழுதிவைத்த குறைகளைக் கேளுங்கள். கடல் ஏற்றத்தோடு வந்து சேர வேண்டிய கட்டுமானப் பொருள்கள் வரவில்லை. ஒரு தொழிலாளி ஒரே ஒரு முறை முகம் காட்டிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. குதிரை லாயத்து ஆள் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லவே இரண்டு நாள் ஊர் சுற்றினார். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் நம் புகார்ப் புத்தகத்தில் அப்படியே ஒட்டலாம்.

அந்த ஜப்பானியர்கள் சோம்பேறிகள் அல்ல. அவர்களுடைய கணக்கு வேறு. அங்கே பகலை ஆறு பங்கு, இரவை ஆறு பங்கு என்று பிரித்திருந்தார்கள். கோடையில் பகல் பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். 1872-இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ரயில் வந்தது. 1873 ஜனவரி 1 முதல் மேற்கத்திய நாள்காட்டியும் 24 மணிக் கணக்கும் வந்தன. பள்ளிக்கூட மணி, ஆலைச் சங்கு எல்லாம் பின்னாலேயே வந்தன. அப்படியும் போதவில்லை. 1920-இல் ஜூன் 10-ஆம் தேதியை ‘நேர நாள்’ என்று அறிவித்து மக்களுக்கு நேரத்தின் அருமையைப் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. 2017-இல் டோக்கியோ பக்கத்து ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்காக அந்த ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கட்டென்டைக் காலத்துக்கும் அந்த மன்னிப்புக்கும் நடுவே 160 வருடம். இடைப்பட்ட காலத்தில் ரயிலும் பள்ளியும் மாதச் சம்பளமும் வந்தன. ரத்தம் அதே ரத்தம்தான்.

நம் கதையும் அப்படித்தான். நாளுக்கு 60 நாழிகை என்று எண்ணியவர்கள் நாம். நாம் இன்று பார்க்கும் இந்திய நேரமே 1906-இல் வந்தது. அதற்கு முன் இருந்த மதராஸ் நேரம் அதைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியது.

நான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் பத்து மணிக்கு கவுன்டரில் உட்கார்ந்தவன். அது என் குணத்தால் மட்டும் நடந்ததல்ல. வருகைப் பதிவேடு இருந்தது. மூன்று நாள் தாமதமானால் அரை நாள் விடுப்புப் போய்விடும். வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கடைசியில் சம்பளம் உண்டு. பிளம்பருக்கு இதில் எது இருக்கிறது?

அவருடைய கணக்கை ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். காலையில் ஐந்து போன் வருகிறது. ஐந்து பேருக்கும் ‘வரேன்’ என்கிறார். ஏன்? ஒருவரிடம் ‘முடியாது’ என்றால் அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். ஐந்தில் இரண்டு வீட்டில் கதவு பூட்டியிருக்கும், ஒரு வீட்டில் ‘வேற ஆள் வந்து முடிச்சுட்டாருப்பா’ என்பார்கள். மீதி இரண்டில்தான் அன்றைய கூலி. அரை மணி வேலை என்று நினைத்துப் போன இடத்தில் சுவரை உடைத்தால் உள்ளே ஜி.ஐ. பைப் துருப்பிடித்து உதிரும். அதோடு அந்த நாள் போயிற்று. நாம் வங்கியில் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கீடு வைப்போமே, அந்த மாதிரி ஒதுக்கீடுதான் அவருடைய ‘வரேன்’.

நம் பங்கும் இதில் உண்டு. வளாகத்தில் சுவர் துளைக்கக் காலை 10 முதல் 1 வரை, மாலை 3 முதல் 6 வரை மட்டுமே அனுமதி. சரியான விதிதான், குழந்தைகளும் பெரியவர்களும் தூங்க வேண்டும். ஆனால் அவருடைய நாளில் ஆறு மணி நேரத்தைத்தான் நாம் விட்டுவைத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் ‘அப்புறம் ஜிபே பண்றேன்’ என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் இழுக்கிறவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர் நேரத்தில் பாக்கி வைக்கிறார், நாம் பணத்தில் பாக்கி வைக்கிறோம். பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது.

அந்த வாஷ்பேசின் விவகாரத்தில் காவலாளியின் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் நாள் மாலை 4.10-க்கு பிளம்பர் வாசலுக்கு வந்திருக்கிறார். ஆப்பில் அனுமதி கேட்டு அழைப்புப் போயிருக்கிறது. வீட்டுக்காரர் அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மூன்றாம் நாள் அவருக்கு வேறிடத்தில் முழு நாள் வேலை. வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அது அவர் மேல் தவறு. ஆனால் ‘வரவே இல்லை’ என்று ஒருவரும், ‘வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பினாங்க’ என்று இன்னொருவரும் கோபமாக இருக்கிறார்கள். இரண்டும் அவரவர் அளவில் உண்மை.

மொழியும் குழப்புகிறது. நாம் விடைபெறும்போதுகூட ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘வரேன்’ என்றுதான் சொல்கிறோம். ‘பார்க்கறேன் சார்’ என்றால் அநேகமாக இல்லை என்று பொருள். ‘வந்துட்டே இருக்கேன்’ என்றால் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. இது நமக்குப் பழகியது, வெளியிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஜப்பானியர்களும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தயங்குகிறவர்கள். ‘அது கொஞ்சம் கஷ்டம்’ என்றாலே அங்கே முடியாது என்றுதான் அர்த்தம். அந்தக் குடியிருப்பாளரிடம், ‘உங்கள் கொஞ்சம் கஷ்டமும் எங்கள் பார்க்கறேனும் ஒன்றுதான்’ என்று விளக்கினேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ராபர்ட் லெவின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பிரேசிலில் பாடம் நடத்தப் போனார். பத்து மணி வகுப்புக்கு மாணவர்கள் பதினொரு மணிவரை வந்துகொண்டே இருந்தார்கள். அவருக்கு எரிச்சல். ஆனால் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்தபோது பெரும்பாலோர் எழுந்து போகவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் பிளம்பரும் அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு தீபாவளிக்கு முந்தின நாள் இரவு மோட்டார் நின்றபோது ஒன்பது மணிக்கு வந்து, பன்னிரண்டரை வரை இருந்து தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர் அவர்தான். கடிகாரப்படி வேலை செய்கிறவராக இருந்தால் அன்று ஆறு மணிக்கே போனை அணைத்திருப்பார்.

இப்போது அபராதத்துக்கு வருகிறேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தி 2000-இல் வெளியிட்டார்கள். குழந்தையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறிய அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை ‘ஆசிரியை காத்திருக்கிறாரே’ என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது, கட்டினால் தீர்ந்தது. பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை. நாம் 200 ரூபாய் பிடித்தால் அவர் கூலியில் 200 ஏற்றிச் சொல்வார். இருக்கிற கொஞ்சம் கூச்சமும் போய்விடும். மூன்று முறைக்குப் பின் அட்டையை ரத்து செய்தால் அடுத்த வளாகத்துக்குப் போவார். அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, நமக்குத்தான் ஆளுக்குப் பஞ்சம்.

ஆகவே ஆறாவது தீர்மானத்துக்குப் பதிலாக நான் முன்வைப்பது இது.

ஒன்று, புதன், சனி இரண்டு நாளும் காலை 10 முதல் 1 வரை பிளம்பரும் எலக்ட்ரீசியனும் வளாகத்தில் இருக்கட்டும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரை நாள் கூலியைச் சங்கம் கொடுக்கும். வேலை செய்த வீடுகளிடமிருந்து அதைச் சங்கம் வசூலித்துக்கொள்ளலாம். வருமானம் நிச்சயம் என்றால் நேரமும் நிச்சயமாகும்.

இரண்டு, முந்தின நாள் மாலைக்குள் காவலாளி மேஜையில் உள்ள நோட்டில் வேலையை எழுதுங்கள். குழாயின் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று தெரிந்தால் வாஷர் வாங்க அவர் பாதியில் ஓட வேண்டியதில்லை.

மூன்று, நோட்டில் பெயர் இருந்தால் ஆப்பில் தனி அனுமதி தேவையில்லை. வரச்சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் 100 ரூபாய் நாம் கொடுக்க வேண்டும். கூலி அன்றைக்கே.

நான்கு, மற்ற நாளில் கூப்பிட்டால் ‘எத்தனை மணிக்கு வருவீங்க’ என்று கேட்காதீர்கள். ‘இப்ப எந்த வீட்ல வேலை? அது முடிஞ்சதும் எங்க வீடுதானே?’ என்று கேளுங்கள். மணிக்குச் சொல்லும் பதிலைவிட வரிசைக்குச் சொல்லும் பதில் நம்பத்தக்கது. அவசரம் என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். வாசல் நிலை வைக்க நல்ல நேரம் ஆறிலிருந்து ஏழரை என்றால் ஐந்தே முக்காலுக்கே வந்து நிற்கிறவர்தான் நம் கார்பென்டர். அந்த நேரம் ஏன் முக்கியம் என்று அவருக்குத் தெரியும். ‘மூணு மணிக்குக் குழந்தை ஸ்கூல்லேருந்து வந்துடும்’ என்றால் அதுவும் அவருக்குப் புரியும்.

ஐந்து, ‘வர முடியாவிட்டால் ஒரு மெசேஜ் போடுங்க தம்பி, கோவிச்சுக்க மாட்டோம்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி கோவிக்காமலும் இருங்கள். தமிழ் தெரியாத வீடுகளுக்குப் பேசித் தர ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவர் முன்வர வேண்டும். ‘ஏ’ பிளாக்குக்கு நான் இருக்கிறேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைவதும், சுவரை உடைத்துப் போட்டுவிட்டு வாரக் கணக்கில் வராமல் இருப்பதும் நேர வழக்கமல்ல, ஏமாற்று. அப்படிச் செய்தவர் பெயரை ஒரே முறையில் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அதற்கு முதல் கை என்னுடையதாக இருக்கும்.

பிளம்பரிடம் பேசிவிட்டேன். அபராதம் இல்லையென்றால் வரும் புதன்கிழமை வருவதாகச் சொல்கிறார். முதல் வேலை அந்த வாஷ்பேசின். ஜப்பானியரும் சரி என்றுவிட்டார். நோட்டில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறது. கீழ் வீட்டுப் பெரியவர் கட்டிலைப் பழைய இடத்தில் போடுவதும் போடாததும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஆறாவது தீர்மானத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஐந்தையும் மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். சரிவராவிட்டால் அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.