காலைக் குவளை

வன்னிப் பெருநிலப்பரப்பிலே காலை உணவு ஒருகாலத்தில் எவரையும் ஆராய்ச்சியில் ஆழ்த்திய பொருளன்று. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களின் கீழ் வயல் செய்தோர் விடியுமுன் எழுந்தனர். முதல்நாள் இரவு நீரூற்றி வைத்த சோற்றைப் பிசைந்து, மோரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் கூட்டிக் கரைத்துக் குடித்தனர். மண்வெட்டியைத் தோளில் வைத்து வெளிக்கிட்டால், வெயில் உச்சிக்கு ஏறும்வரை வரப்பை விட்டு அகலார். உண்டது உழைப்பிலே கரைந்தது. உடல் நிறையைப் பற்றிக் கவலைப்படுவோர் அந்நாளில் மிகச் சிலரே.

இன்று நிலைமை வேறு. வயலில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓடுகின்றன. பிள்ளைகள் படித்து அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் இருந்து பணி செய்கின்றனர். சந்திக்குச் செல்வதற்கும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கின்றது. மறுபுறத்தில், 35 வயதைக் கடந்தோரின் நிறை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள சீனியின் அளவு ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கும் நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. அங்கு சென்று தராசில் ஏறி இறங்கியவர் பலர், உணவைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணத்துடன் வீடு திரும்புகின்றனர்.

அவ்வாறு திரும்பிய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்க. கிளிநொச்சியிலே ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரியும் பெண்மணி அவர். வயது நாற்பதுக்கு அண்மையில். உயரம் 155 சென்ரிமீற்றர். நிறை 68 கிலோகிராம். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் திணிவுச் சுட்டி அவருக்கு 28க்குச் சற்று மேல். ஆசிய மக்களுக்கு இச்சுட்டி 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை வேண்டும் என்றும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஆதலின் அவருடைய கவலை வீண் கவலையன்று.

அவர் ஒரு பிளெண்டர் வாங்கினார். காலையில் இடியப்பமும் சொதியும் பாணும் சம்பலும் இனி வேண்டா; நகரத்தில் ‘ஸ்மூதி’ என வழங்கும் பழக்கூழ்ப் பானமே போதும் என்று முடிவு செய்தார். இரண்டு வாழைப்பழம், மூன்று மேசைக்கரண்டி பால்மா, நான்கு பேரீச்சம்பழம் ஆகியவற்றை நீர் விட்டு அடித்தார். அதனுடன் மூன்று தேக்கரண்டி சீனியும், ‘உடம்புக்கு நல்லது’ என்பதற்காக ஒரு மேசைக்கரண்டி தேனும் சேர்த்தார். குவளை நிறைந்தது. இரண்டு நிமிடத்தில் குடித்து முடித்தார். பத்து மணிக்கு மீண்டும் பசித்தது. ஒரு மாதம் சென்றபின் தராசில் ஏறினார். நிறை சிறிதும் குறையவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? குவளைக்குள் இருந்தவற்றைக் கூட்டிப் பார்த்தால் விடை புலனாகும். நடுத்தர அளவான வாழைப்பழம் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 180 கலோரி. பால்மா 125. பேரீச்சம்பழம் 90. சீனி 50. தேன் 60. ஆகமொத்தம் 500 கலோரிக்கு மேல். சோறு 100 கிராம் ஏறத்தாழ 130 கலோரி தருவது. எனவே, உணவைக் குறைப்பதாக எண்ணிய அப்பெண்மணி, 400 கிராம் அளவான சோற்றுக்கு ஈடானதைக் காலைதோறும் குடித்துக்கொண்டிருந்தார். சோறாயின் கண்ணுக்குக் குவியலாகத் தெரியும், கையும் தயங்கும். குவளையோ அத்தனையையும் மறைத்துவிடுகின்றது.

இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்பட்டதை நேயர்கள் அறிவர். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை, இடைப்பட்டதற்குச் செம்மஞ்சள். வீட்டிலே அடிக்கும் பானத்துக்கு இவ்விதி உரியதன்று. எனினும் கணக்குக்காக அந்த அளவுகோலை எழுதுவினைஞரின் குவளையில் வைத்துப் பார்க்கலாம். பழம், பால்மா, சீனி, தேன் அனைத்திலுமுள்ள இனிப்பைத் தொகுத்தால் 80 கிராம் அளவில் வரும். குவளை 400 மில்லிலீற்றர் கொள்ளுமாயின், நூற்றுக்கு 20 கிராம். கடையில் சிவப்பு அடையாளம் கண்டு ஒதுக்கியதைவிட இனிப்பானதை அவர் தம் அடுக்களையில் தாமே ஆக்கிக்கொண்டிருந்தார்.

பழத்தின் இனிப்பும் சீனியின் இனிப்பும் ஒன்றாகுமோ என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள இனிப்பை உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லவில்லை. நாம் சேர்க்கும் சீனி, சர்க்கரை, தேன், பழச்சாற்றின் இனிப்பு ஆகியவற்றையே குறைக்கச் சொல்கின்றது. இவை நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி அளவுக்குள் அடங்குவது சிறப்பு என்பது 2015 ஆம் ஆண்டின் வழிகாட்டல். தேனும் பனங்கட்டியும் இயற்கைப் பொருள்களாதலின் தீங்கில்லை என நம்புவோர் இதனைக் கருத்தில் கொள்வது நன்று. பனங்கட்டி மணமுடையது, வன்னி மண்ணின் பெருமையுடையது, ஆயினும் நிறை குறைக்கும் கணக்கில் அதுவும் சீனியின் உறவினமே.

இனி, கடித்து உண்பதற்கும் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். 1977 ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் சிலர் பத்துப் பேருக்கு அப்பிள் பழத்தை மூன்று வடிவங்களில் கொடுத்தனர். ஒருநாள் முழுப் பழம். ஒருநாள் அதனைக் கூழாக்கியது. ஒருநாள் சக்கை நீக்கிய சாறு. மூன்றிலும் மாச்சத்தும் இனிப்பும் சம அளவினவே. சாற்றை, முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு விரைவாக உட்கொள்ள முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில் மிகுதி. கூழில் அதனிற் குறைவு. சாற்றில் யாவற்றிலும் குறைவு. ஸ்மூதி எனப்படுவது இவற்றுள் நடுவில் நிற்கும் கூழைப் போன்றது. நார்ச்சத்து உள்ளே இருப்பதனால் சாற்றினும் மேலானது. மெல்லும் வேலை இல்லாததனால் பழத்தினும் தாழ்ந்தது. வடித்துச் சக்கையை வீசினால், அந்த நடு இடமும் போய்விடும்.

அப்படியாயின் காலையில் எதையும் குடிக்கவே கூடாதோ? அன்று. நல்ல குவளையொன்று இந்நிலத்துக்குப் புதியதுமன்று. இலைக்கஞ்சி என்பது என்ன? சிறங்கை அளவு சிவப்புப் பச்சையரிசியை உள்ளியும் மிளகும் இட்டுக் காய்ச்சி, வல்லாரை, முசுட்டை, முருங்கை முதலிய இலைகளை இடித்துப் பிழிந்த சாறும் தேங்காய்ப்பாலும் விட்டு, உப்பும் தேசிப்புளியும் சேர்த்து இறக்குவது. சிங்கள மக்கள் இதற்கு இணையானதைக் ‘கொலகந்த’ என வழங்குவர். சூடாயிருப்பதனால் அதனை ஒரே மூச்சில் குடித்துவிட முடியாது. ஊதி ஊதி, மிடறு மிடறாகவே அருந்தவேண்டும். அந்தத் தாமதமே வயிற்றுக்குப் போதும் என்று உணர்த்தும் வேளை.

எனினும் பழையது என்ற காரணத்தால் இலைக்கஞ்சியும் கணக்குக்குத் தப்பாது. 30 கிராம் அரிசி ஏறத்தாழ 105 கலோரி. தலைப்பால் இரண்டு மேசைக்கரண்டி விட்டால் 65 கலோரி அளவு கூடும். ஆக 170 அளவில் நிற்கும். அரைக் குவளை தலைப்பாலை ஊற்றி, பக்கத்தில் பெரிய பனங்கட்டித் துண்டு ஒன்றையும் வைத்துக் கடித்துக் குடித்தால், அது இருமடங்கையும் தாண்டும். பச்சை நிறம் உடலைக் குறைப்பதில்லை; பச்சை நிறத்தினுள் இட்டவற்றின் அளவே குறைக்கும் அல்லது கூட்டும்.

பழக்கூழையே விரும்பும் எழுதுவினைஞர் தம் குவளையை எவ்வாறு திருத்தலாம்? பப்பாசிப்பழத் துண்டுகள் 150 கிராம், பாதி வாழைப்பழம், பசுப்பால் தயிர் 100 கிராம், அவித்த பயறு மூன்று மேசைக்கரண்டி, வறுத்த எள் ஒரு தேக்கரண்டி, வேண்டிய அளவு நீர். சீனி இல்லை, தேன் இல்லை. சுவைக்குத் தேசிப்புளி சில துளியும் இஞ்சிச் சிறு துண்டும் போதும். இது ஏறத்தாழ 240 கலோரி. புரதம் ஒன்பது கிராம் அளவில் கிடைக்கும். தயிரும் பயறும் தரும் புரதமே பத்து மணிப் பசியைத் தள்ளிவைப்பது. எருமைத் தயிராயின் கொழுப்புக் கூடுதலாதலின் அளவைக் குறைத்தல் வேண்டும். பயற்றைக் குவளையில் இடாது தனியே மென்று உண்டால் இன்னும் நன்று.

பழைய குவளைக்கும் இதற்கும் வேறுபாடு நாளொன்றுக்கு 260 கலோரி. முப்பது நாளில் 7,800. உடற்கொழுப்பு ஒரு கிலோகிராமில் அடங்கியது ஏறத்தாழ 7,700 கலோரி என்பர். ஆகவே மாதத்துக்கு ஒரு கிலோகிராம் என்று தாளில் கணக்கு வரும். உடல் தாளைப் போல் நேராக நடப்பதில்லை. நிறை குறையக் குறைய அதன் தேவையும் குறையும். எனினும் திசை இதுவே. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: இக்குவளை காலை உணவுக்குப் பதிலாக வரவேண்டுமேயன்றி, இடியப்பத்தை உண்டபின் மேலதிகமாக வரக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். வவுனியா உள்ளிட்ட வறண்ட வலயப் பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ளது. அந்நோயாளருக்கு, பிறர்க்கு நன்மை செய்யும் குவளையே தீமை செய்யலாம். வாழைப்பழம், இளநீர், கீரைச்சாறு ஆகியவற்றில் மிகுந்துள்ள பொற்றாசியத்தைப் பழுதுற்ற சிறுநீரகம் வெளியேற்றமாட்டாது. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலத் தோன்றும் காமரங்காப் பழத்தின் சாறு அவர்களுக்கு உயிராபத்தையே விளைக்கவல்லது. நலமுடையோரும் வெறுவயிற்றில் அச்சாற்றை மிகுதியாகக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் இலங்கை மருத்துவர்களால் பதிவாகியுள்ளன. நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்வோரும் இன்சுலின் ஏற்றுவோரும் காலை உணவைத் திடீரெனக் குறைத்தால் சீனி அளவு மிகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். இவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே எதையும் மாற்றுதல் வேண்டும்.

எழுதுவினைஞர் குவளையைத் திருத்திக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். மறுநாட் காலையில் அவருடைய தாயார் அடுக்களைக்கு வருகின்றார். பிளெண்டரைத் திறந்து பார்க்கின்றார். “இதென்ன பிள்ளை, இது காணுமே உனக்கு?” என்று கேட்டவாறே சீனிப் போத்தலை எடுத்து, மகள் மறுக்குமுன் இரண்டு கரண்டியைக் கொட்டிவிடுகின்றார்.

இந்தத் தாயாரை அறியாதவர் என்று எவரும் கடிந்துவிடலாகாது. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், போர் மக்களை முல்லைத்தீவுக் கரையோரத்து ஒடுங்கிய நிலத்துக்குள் நெருக்கியபோது, அரிசியும் நீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சியே பலரின் உணவாயிற்று. அதற்கும் வரிசையில் நின்றனர். அதன் நினைவாக ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்படுகின்றது. தேங்காய்ப்பாலும் இல்லை, இனிப்பும் இல்லை. அந்தக் கஞ்சியில் பிள்ளையின் பங்கை அளந்து ஊற்றிய கை, நிறைந்த போத்தல் எதிரே இருக்கும்போது அளந்து ஊற்ற எப்படி இணங்கும்? பசி கண்ட வீட்டில், ‘காணும்’ என்ற சொல் எளிதில் நம்பப்படுவதில்லை.

ஆயினும் உண்மையொன்று உண்டு. பசியால் மெலிந்த உடலைக் காப்பாற்றிய அதே அன்பு, இன்று நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் வீட்டுக்குள் அழைத்துவரலாம். திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் உண்பதன் அளவைக் குறித்தே பெரிதும் பேசுகின்றது. அளவு என்றால் வறுமை என்று பொருளன்று. தேவையறிந்து ஊற்றுவதும் அன்பின் வகைகளுள் ஒன்றே.

ஆதலின் மகள் தாயாரோடு வழக்காட வேண்டியதில்லை. “அம்மா, நாளைக்கு நீங்களே கஞ்சி காய்ச்சித் தாங்கோ, சீனி வேண்டாம், பால் கொஞ்சமாய் விடுங்கோ” என்று கேட்டால் போதும். முசுட்டை இலை வேலியிலேயே இருக்கும். தாயாரின் கைக்கு வேலை கிடைக்கும். மகளின் உடலுக்கு அளவு கிடைக்கும். இருவரும் குந்தில் இருந்து ஊதி ஊதிக் குடித்துவிட்டு, மகள் அலுவலகத்துக்கு முடிந்தமட்டும் நடந்து செல்வாராயின், பாட்டன் காலத்துக் காலையில் ஒரு பகுதியேனும் அவ்வீட்டுக்குத் திரும்பி வந்ததாகும்.