நாக்கு எரிந்தால்

உத்திரமேரூர்ப் பக்கம் களையெடுக்கப் போகும் அக்காமாருக்கு ஒரு சேதி. குழம்பு பட்டாலே நாக்கு எரிகிறதா? உடம்புச் சூடு என்று மோர் குடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். நாக்கு சிவந்து வழவழப்பானால் இரும்புச்சத்து, ஃபோலேட், வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். கீரையில் ஃபோலேட் உண்டு. பி12 கிடையாது. அது பால், முட்டை, மீனில் உண்டு.

மாத்திரையும் காரணமாகலாம். சர்க்கரைக்குப் பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 குறையலாம். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். மறந்துபோய் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. அப்படி விழுங்கிவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டையோடு போய் டாக்டரைக் கேளுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணை, முக்கியமாகப் புகையிலை போடுகிறவர்கள், டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.