பந்தெறிந்த தோள்



நம் குடியிருப்புச் சிறுவர் கிரிக்கெட்டை நன்கறிவர். பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி அவர்கட்கு இன்று சில சொல்ல விழைகிறோம்.

1934 நவம்பர் 20. ஜப்பானில் ஷிசுவோகா நகரம். அமெரிக்காவின் பேரணிக்கு எதிரே அகில ஜப்பான் அணிக்காகப் பந்தெறிந்தவர் ஏய்ஜி சவாமுரா, வயது 17. மும்முறை பந்தைத் தவறவிடும் மட்டையாளர் வெளியேறுவது அவ்வாட்டத்தின் விதி. கெரிங்கர், பேப் ரூத், கெரிக், பாக்ஸ் ஆகிய நால்வரையும் அடுத்தடுத்து அவ்வாறே வெளியேற்றினார்! கிரிக்கெட்டில் பிராட்மன் எப்படியோ, அவ்வாட்டத்தில் ரூத் அப்படி. ஏழாம் சுற்றில் கெரிக் அடித்த ஓர் அடியால் ஜப்பான் 1-0 எனத் தோற்றது. அந்தத் தோல்வியை ஜப்பானியர் இன்றும் பெருமையோடு பேசுகின்றனர்.

பின்னர் அவர் டோக்கியோ அணியில் சேர்ந்து புகழ்பெற்றார். படை அழைத்தது. கையெறி குண்டுகளை வீசி வீசித் தோள் பழுதுற்றது. பந்துக்கென்றே வாய்த்த தோள் அல்லவா அது! திரும்பி வந்தவர், வேகம் குன்றியதால் எறியும் முறையையே மாற்றிக்கொண்டு, எதிரணிக்கு ஓர் 'ஹிட்'டும் கொடாத ஆட்டத்தை 1940இல் மூன்றாம் முறையாக ஆடிக் காட்டினார்.

படையோ விடவில்லை. மும்முறை அழைத்தது. 1944 டிசம்பர் 2ஆம் நாள் அவர் சென்ற கப்பல் நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியது. அப்போது அவருக்கு வயது 27.

1947 முதல் ஜப்பானில் சிறந்த பந்தெறிவோர்க்கு வழங்கும் பரிசு அவர் பெயரையே தாங்கியுள்ளது. அவர் அணிந்த 14ஆம் எண்ணை அவ்வணியினர் வேறெவர்க்கும் அளிப்பதில்லை.