வாட்சனின் பெயரும் 2007ஆம் ஆண்டும்



உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவரொருவர் என்னிடம் வினவினார்: "மௌலவி, இனவாதம் பேசிய ஜேம்ஸ் வாட்சனின் பெயரை நாங்கள் ஏன் மனனம் செய்ய வேண்டும்?"

நியாயமான வினாவே. 1953இல் பிரான்சிஸ் கிரிக்குடன் இணைந்து டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை உலகுக்கு அறிவித்தவர் அவர். 1962இல் நோபல் பரிசும் பெற்றார். (அதற்குத் துணைநின்ற எக்ஸ்-கதிர்ப் படம் ரோசலின்ட் பிராங்க்ளினின் ஆய்வில் கிடைத்தது. அவ்வம்மையார் அறியாமலே அது வாட்சனுக்குக் காட்டப்பட்டது. இதுவும் மறக்கத்தக்கதன்று.)

2007இல் பத்திரிகைப் பேட்டியொன்றில், ஆபிரிக்க மக்களின் அறிவாற்றல் ஏனையோருக்கு நிகரானதன்று என்னும் கருத்தை வெளியிட்டார். மன்னிப்புக் கோரினார், பதவி துறந்தார். ஆனால் 2019இல் வெளியான ஆவணப்படத்தில் தமது எண்ணம் மாறவில்லையெனக் கூறவே, அவர் பல்லாண்டுகள் தலைமை தாங்கிய கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடம் அவருக்கு வழங்கியிருந்த கௌரவப் பட்டங்களையும் திரும்பப் பெற்றது. 2025 நவம்பரில், 97ஆம் வயதில் அவர் காலமானார்.

நேயர்களே! விந்தை யாதெனில், மனித மரபணுத் தொகுதியை வாசிக்கும் பெருந்திட்டத்துக்கு அமெரிக்காவில் ஆரம்பத்தில் தலைமை தாங்கியவரும் வாட்சனே. அத்திட்டம் 2003இல் நிறைவெய்தியது. எந்த இரு மனிதரும் ஏறத்தாழ 99.9 சதவீதம் ஒத்தவர்களே. எஞ்சிய வேறுபாட்டிலும் பெரும்பகுதி ஒரே சமூகத்தாருக்குள்ளேயே காணப்படுகின்றது, இனங்களுக்கிடையே உள்ளது சொற்பமே. தாம் திறந்துவைத்த ஏட்டை அவரே வாசிக்க மறுத்துவிட்டார்.

அம்மாணவருக்கு நான் கூறினேன்: "தம்பி, அச்சுருள் வாட்சன் படைத்ததன்று, அவர் கண்டது மட்டுமே. அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பரீட்சையில் அவர் பெயரை எழுதுங்கள். கொப்பியின் ஓரத்தில் பிராங்க்ளினின் பெயரையும், 2007 என்ற ஆண்டையும் குறித்து வையுங்கள்."